31 நிமிடம்... அடுத்து என்னவென்று மேடையில் யாருக்கும் தெரியாது! ஒரு தயிர் கம்பெனிக்காக நடந்த ராக் கச்சேரியின் கதை

1972 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடமேற்கில் இருக்கும் ஓரிகன் மாநிலத்தில், வெனிட்டா என்ற சின்ன ஊருக்கு வெளியே ஒரு திறந்த புல்வெளி. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. சென்னைக்காரருக்கு இது சாதாரண மே மாத மதியம்தான். ஆனால், மழைக்கும் அடர்ந்த காட்டுக்கும் பேர்போன மேற்கு ஓரிகனில் அது தாங்க முடியாத சூடு. சுமார் 20,000 பேர் புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டார்கள்; சிலர் எல்லாவற்றையுமே கழற்றிவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் போதவில்லை. மேடையைக் கட்டியவர்கள் திசையைச் சரியாக யோசிக்கவில்லை. அது மேற்குப் பார்த்து நிற்கிறது. மதியத்துக்கு மேல் சூரியன் நேராக வாசிப்பவர்களின் முகத்திலும் கிட்டார்களின் மீதும் அடிக்கிறது.

அந்த மேடையில் நின்றது 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ராக் குழு. வெயில் சாயும் நேரத்தில் அவர்கள் 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டைத் தொடங்கினார்கள். 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு அது. அன்றைக்கு 31 நிமிடம் ஓடியது. அந்த 31 நிமிடத்தில் பெரும்பகுதி யாரும் எழுதி வைக்காதது, முந்தைய நாள் ஒத்திகை பார்க்காதது. மறுபடி ஒருமுறை அப்படியே வாசிக்கச் சொன்னால் அவர்களாலேயே முடியாது.

அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஒலிப்பதிவைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்? திட்டம் இல்லாமல் ஐந்து பேர் அரை மணி நேரம் சேர்ந்து வாசிப்பது எப்படிச் சாத்தியம்?

முதலில் தயிர்

கச்சேரி நடந்ததற்குக் காரணமே ஒரு பால் கம்பெனிதான். சக் கீஸி, சூ கீஸி என்ற தம்பதி 1960-ல் ஓரிகனில் 'ஸ்பிரிங்ஃபீல்டு கிரீமரி' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான்சி ஹாம்ரன் என்ற பெண்ணின் கைப்பக்குவத்தில் யோகர்ட் செய்து விற்க ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர்கள் போன் செய்து "நான்சியோட யோகர்ட் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே அதற்கு 'நான்சிஸ் யோகர்ட்' என்ற பெயர் நிலைத்தது. கலிபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்ட இளைஞர்களில் ஒருவர் ஹியூயி லூயிஸ். பின்னாளில் 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் பாட்டால் உலகப் புகழ் பெற்ற அதே ஹியூயி லூயிஸ்தான்.

சரக்கு நன்றாக இருந்தது, கல்லாவில்தான் காசு இல்லை. 1972-ல் கம்பெனி மூடும் நிலைக்கு வந்துவிட்டது. சக்கின் அண்ணன் யாரென்றால், 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவலை எழுதிய கென் கீஸி. 1960-களின் நடுவில் அவர் நடத்திய விருந்துகளில்தான் கிரேட்ஃபுல் டெட் தங்கள் ஆரம்ப கால வாசிப்பை வாசித்தது. அந்தப் பழக்கத்தை நம்பி சக்கும் சூவும் போய்க் கேட்டார்கள்: "எங்களுக்காக ஒரு கச்சேரி பண்ண முடியுமா?" குழு சம்மதித்தது.

அதற்குப் பிறகு எல்லாமே அவசர அவசரமாக நடந்தது. நுழைவுச் சீட்டை அச்சடித்தது யோகர்ட் டப்பாவில் ஒட்டும் லேபிள் தாளில். முன்பதிவு விலை 3 டாலர். ஒரு பால் கம்பெனிக்காரருக்கு 20,000 பேரைச் சமாளிக்கத் தெரியுமா என்றால், தெரியாது. வேலி, தண்ணீர், நிழல் எதுவும் போதவில்லை. காணாமல் போன குழந்தைகளைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மேடையிலிருந்து அறிவிப்புகள் வந்தபடியே இருந்தன. நம்ம ஊர்த் திருவிழா மைக்செட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

ஜாம் என்றால் என்ன?

ரொட்டியில் தடவுவது அல்ல. இசைக்கலைஞர்கள் முன்கூட்டி முடிவு செய்யாமல் கூடி வாசிப்பதற்கு 'ஜாம்' என்று பெயர். ஜாஸ் உலகத்திலிருந்து வந்த சொல். பாட்டுக்கு நடுவே இப்படி வாசிப்பதையே தங்கள் முக்கிய வேலையாக வைத்திருக்கும் ராக் குழுக்களை 'ஜாம் பேண்ட்' என்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்தது. ஒரு நாள் வாசித்தது போல இன்னொரு நாள் வாசிக்கவில்லை. என்னென்ன பாட்டு என்பதைக்கூடப் பெரும்பாலும் மேடையில்தான் முடிவு செய்தார்கள்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது புது விஷயமாகத் தோன்றாது. மனோதர்மம் என்று நாம் சொல்வதும் இதன் உறவுதான். ராகம் தானம் பல்லவியில் பல்லவி வரி என்னவோ ஒன்றே ஒன்று. அதைச் சுற்றி முக்கால் மணி நேரம் விரியும். கல்பனா ஸ்வரத்தில் எங்கே சுற்றினாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் கச்சேரியில் யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது என்பதில் ஐயம் இல்லை. பாடகர் போகிற வழியில் வயலின் போகும். மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று ஓர் இடம் உண்டு. ராகமும் தாளமும் எல்லை போட்டுக் கொடுத்துவிடும். டெட் வாசித்த ஜாமில் அந்த எல்லைகளே பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை. யார் வேண்டுமானாலும் திருப்பலாம். ஸ்வரத்தை மாற்றலாம், தாளத்தை மாற்றலாம், தாளமே இல்லாமல் போகலாம். மற்றவர்கள் கூட வரலாம், வராமலும் இருக்கலாம். யாரும் வராவிட்டால் திருப்பியவர் 20,000 பேர் முன்னால் தனியாக நிற்பார். அப்படி நின்ற இரவுகளும் ஏராளம். டெட் கச்சேரிகள் எல்லாமே அற்புதம் என்று யாராவது சொன்னால் அவர் நிறையக் கேட்டதில்லை என்று அர்த்தம். சில நாள் அரை மணி நேரம் வெறும் தடுமாற்றம்தான்.

யார் இந்த ஐந்து பேர்?

இந்தக் குழு இப்படி வாசித்ததற்கு அதில் இருந்தவர்களின் பின்னணியும் ஒரு காரணம்.

ஜெர்ரி கார்சியா, முன்னணி கிட்டார். நான்கு வயதில் விறகு வெட்டும்போது நடந்த விபத்தில் வலது கை நடுவிரலின் பெரும்பகுதி போய்விட்டது. தந்தியை மீட்டும் கை அது. அவர் முதலில் ஊறியது பாஞ்சோ வாத்தியத்தில், கிராமத்து இசையில். அதனாலோ என்னவோ, ராக் கிட்டாரில் வழக்கமாக வரும் சத்தமும் ஆவேசமும் அவரிடம் குறைவு. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, சொட்டுச் சொட்டாக விழும்.

பில் லெஷ், பாஸ் கிட்டார். இவர் கதை இன்னும் விசித்திரம். டிரம்பெட் வாசித்தவர், மேற்கத்திய நவீன இசையை முறையாகப் படித்தவர், இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் பாடம் கேட்டவர். 1965-ல் குழுவில் சேரும்வரை பாஸ் கிட்டாரை அவர் வாசித்ததே இல்லை! பாஸ் கிட்டார்காரர் என்றால் அடியில் சீராக 'தும் தும்' என்று தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த விதி அவருக்குப் பழக்கமே ஆகவில்லை. கார்சியா ஒரு வரி வாசித்தால் கீழேயிருந்து இன்னொரு வரியால் பதில் சொல்வார். பாட்டின் தரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

பாப் வீயர், ரிதம் கிட்டார். குழுவைத் தொடங்கியவர்களிலேயே இளையவர், சேரும்போது பள்ளி வயது. ஜாஸ் பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் இடது கை வாசிப்பைக் கேட்டுத்தான் தன் பாணியை அமைத்துக்கொண்டார். மற்ற இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் துண்டு துண்டாக எதையாவது வைப்பார். முதல்முறை கேட்பவர்களுக்கு இவர் வாசிப்பது காதிலேயே விழாது; இவரை எடுத்துவிட்டால் எல்லாம் சரிந்துவிடும். அடுத்து கீத் காட்சா, பியானோ. குழுவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஐந்தாவது, டிரம்ஸ் வாசித்த பில் கிரூட்ஸ்மன். டெட்டின் அடையாளமே இரண்டு டிரம்மர்கள். ஆனால், வெனிட்டாவில் இவர் ஒருவர்தான். இன்னொருவரான மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் குழுவை விட்டுப் போயிருந்தார். மேனேஜராக இருந்த அவருடைய அப்பாவே குழுவின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியது காரணம். வெனிட்டாவில் பாடிய 'ஹீஸ் கான்' என்ற பாட்டு அந்த மோசடியிலிருந்து பிறந்ததுதான். ஹார்ட் 1974-ல் திரும்பி வந்தார். ஆனால், இடைப்பட்ட ஒற்றை டிரம்மர் காலத்தில்தான் இசை மிக இலகுவாகத் திரும்பியது என்று வாதாடும் ரசிகர்கள் நிறைய. அதில் நியாயம் இருக்கிறது. கார் ஓட்டுவதை விட சைக்கிளை வளைப்பது எளிது.

(அந்த மிக்கி ஹார்ட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1967-ல் தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்ததிலிருந்து இந்தியத் தாளங்களின் மேல் பைத்தியமானவர் அவர். 1991-ல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் வாசித்தார். உலக இசை ஆல்பத்துக்கான முதல் கிராமி விருது அந்த ஆல்பத்துக்குத்தான் போனது.)

பாடகி டோனா ஜீன் காட்சாவும் குழுவில் இருந்தார். கீத்தின் மனைவி. இந்த அரை மணி நேரத்தில் அவருக்கு வேலை இல்லை.

வெயிலும் சுருதியும்

வெனிட்டா ஒலிப்பதிவைக் கேட்டால் முதல் பகுதியிலேயே ஒன்று காதில் இடறும்: சுருதி ஆங்காங்கே விலகுகிறது. பாட்டுக்குப் பாட்டு கிட்டாரைத் திருகித் திருகிச் சரிசெய்கிறார்கள்.

காரணம் எளிமையான பௌதிகம். உலோகத் தந்தி சூட்டில் நீளும். நீண்டால் இறுக்கம் குறையும். இறுக்கம் குறைந்தால் சுருதி இறங்கும். மெல்லிய தந்தியும் தடித்த தந்தியும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதால் ஒரு கிட்டாருக்குள்ளேயே தந்திகள் ஒன்றுக்கொன்று சண்டை போடும். கழுத்துப் பகுதி மரமும் சூட்டுக்கு அசைந்துகொடுக்கும். கிட்டாரையாவது திருகலாம். நூற்றுக்கணக்கான தந்திகள் கொண்ட பியானோவை மேடையில் வைத்து யார் சரிசெய்வது? சபாவில் ஏசி கூடிக்குறையும்போது தம்புராவோடும் மிருதங்கத்தோடும் நம் வித்வான்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இங்கே ஏசி இல்லை, நேர் வெயில்.

இந்தச் சூழலில் குழு என்ன செய்திருக்கலாம்? தெரிந்த சின்னப் பாட்டுகளாகப் பாடிவிட்டு இறங்கியிருக்கலாம். ஒரு தர்ம கச்சேரி, கொடுமையான வெயில், ஒத்துழைக்காத வாத்தியம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மூன்று பகுதிகளாக நாள் முழுக்க வாசித்தார்கள். இரண்டாம் பகுதியில் பத்து அட்சரக் கணக்கில் நகரும் 'பிளேயிங் இன் தி பேண்ட்' பாட்டை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் பகுதி தொடங்கியபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சூடு கொஞ்சம் விட்டது. அப்போதுதான் 'டார்க் ஸ்டார்'.

அந்த 31 நிமிடம்

'டார்க் ஸ்டார்' பாட்டில் முன்கூட்டியே நிச்சயமானது மிகக் குறைவு. ஓர் ஆரம்ப மெட்டுத் துணுக்கு, இரண்டு மூன்று கார்டுகளுக்குள் ஆடும் ஓர் ஊஞ்சல், சின்னச் சின்னச் சரணங்கள். அவ்வளவுதான். இந்த வெறுமைதான் அதன் பலம். சிக்கலான பாட்டு என்றால் அடுத்தது என்ன என்பதைப் பாட்டே சொல்லிவிடும். இதில் சொல்லாது.

வெனிட்டாவில் ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. மெட்டுத் துணுக்கு வருகிறது, உடனே கரைகிறது. யாரும் அவசரப்படவில்லை. கார்சியா ஒரு சொற்றொடர் போல எதையோ சொல்லி நிறுத்துகிறார். லெஷ் அதன் வாலைப் பிடித்துக் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறார். பியானோ நடுவில் சில துளிகள் தூவுகிறது. கிரூட்ஸ்மன் தாளத்தை அடித்துச் சொல்வதை விட்டுவிட்டுத் தட்டுகளில் வருடிக்கொண்டிருக்கிறார். தாளம் இருக்கிறது, ஆனால் யாரும் அதை உரக்க எண்ணவில்லை. சரணம் வருவது நீண்ட நேரம் கழித்துத்தான். அதைப் பாடி முடித்ததும், இருந்த ஒரே அடையாளப் பலகையும் பின்னால் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் உக்கிரம். இசை மெல்ல மெல்லத் தன் சுருதியிலிருந்தே கழன்றுகொள்கிறது. இனிமையான ஸ்வரங்கள் கீறலாகின்றன. கிட்டார் ஒரு கட்டத்தில் மிருகம் உறுமுவது போலக் கத்துகிறது. முதல்முறை கேட்பவர்களில் பலர் இங்கேதான் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். தப்பில்லை. இது கேட்கச் சுகமான பகுதி கிடையாது. ஆனால், கவனித்துக் கேட்டால் இந்தக் கூச்சலுக்குள்ளும் ஐந்து பேரும் ஒருவரையொருவர் விடவில்லை என்பது புரியும். ஒருவர் ஏறினால் எல்லோரும் ஏறுகிறார்கள். ஒருவர் விலகினால் அந்த இடத்தை இன்னொருவர் நிரப்புகிறார். நாள் முழுக்கத் தொந்தரவு கொடுத்த சுருதிப் பிரச்சினைக்கு இங்கே அர்த்தமே இல்லாமல் போகிறது, ஏனென்றால் பிடித்துக்கொள்ள ஒரு சுருதியே இல்லை.

பிறகு அலை இறங்குகிறது. அந்த இடிபாட்டுக்குள்ளிருந்து வீயர் திடீரென ஒரு பழைய கௌபாய் பாட்டை எடுக்கிறார். மார்ட்டி ராபின்ஸ் 1959-ல் பாடி ஹிட்டான 'எல் பாஸோ'. காதலுக்காகத் துப்பாக்கி எடுத்தவனின் கதை, மூன்று அட்சர நடையில் போகும் எளிய பாட்டு. விண்வெளியில் அலைந்தவர்கள் ஒரு கிராமத்து டீக்கடை வாசலில் வந்து இறங்கியது போல இருக்கும். மற்றவர்கள் ஓரிரு நொடிகளில் அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். இந்தத் திருப்பம் அபத்தம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால், அரை மணி நேரப் பதற்றத்துக்குப் பிறகு 'ஒன் டூ த்ரீ' என்று கால் தட்டும்படி ஒன்று வரும்போது கிடைக்கும் நிம்மதியை வேறு எப்படியும் தந்திருக்க முடியாது.

கேட்பதுதான் வேலை

இதெல்லாம் தற்செயலா? இல்லை. தயாரிப்பு இருக்கிறது, அது வேறு மாதிரித் தயாரிப்பு. 1960-களின் கடைசியில் டெட் குழுவினர் 11 அட்சரச் சுழற்சியை எல்லோர் உடம்பிலும் ஊறும்வரை திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினார்கள். 'தி லெவன்' என்ற பாட்டு அப்படி வந்ததுதான். எண்ணாமலே எண்ணத் தெரிந்துவிட்டால், மேடையில் காது முழுக்க மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

டெட் காட்டிய வழியில் வளர்ந்த 'ஃபிஷ்' என்ற குழுவிடம் இன்னும் தெளிவான ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் ஒரு சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். மற்ற மூவரும் அதற்குப் பொருந்துகிற மாதிரி ஆளுக்கொரு துணுக்கைச் சேர்ப்பார்கள். எல்லோரும் ஒரு நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று காதில் பட்டதும் 'ஹே' என்று சொல்ல வேண்டும். தன் வாசிப்பிலேயே மூழ்கிக் கிடப்பவரால் சரியான நேரத்தில் 'ஹே' சொல்ல முடியாது. மாட்டிக்கொள்வார்! இந்தப் பயிற்சியெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் ஃபுளோரிடாவில் மேடை ஏறிய ஃபிஷ், 2000-ம் ஆண்டின் முதல் சூரியன் உதிக்கும்வரை ஏழரை மணி நேரம் ஒரே மூச்சாக வாசித்தது.

கேட்க வேண்டுமென்றால் கேட்கும் வசதியும் வேண்டும். அந்தக் காலத்து ராக் மேடையில் பக்கத்தில் நிற்பவர் வாசிப்பதே கேட்காது. இதற்காகவே டெட் 1974-ல் சுமார் 600 ஒலிபெருக்கிகளைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் மதில் போல அடுக்கியது. கூட்டத்துக்குக் கேட்பதுதான் குழுவுக்கும் கேட்கும். அற்புதமான யோசனை, பயங்கரச் செலவு. அந்த மதிலை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் களைத்துப்போய், அந்த ஆண்டு கடைசியிலேயே குழு கச்சேரிகளுக்கு இடைவேளை விட்டது.

மூளையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் லிம், ஆலன் பிரான் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, ஒரு சின்ன கீபோர்டைக் கொடுத்தார்கள். மனப்பாடமான இசையை வாசித்தபோதும், சொந்தமாகக் கற்பனை செய்து வாசித்தபோதும் மூளையைப் படம் பிடித்தார்கள். கற்பனையாக வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. நம்மைப் பற்றிச் சொல்வதோடு தொடர்புடைய நடுப்பகுதி விழித்துக்கொண்டது. ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறப்பதற்கு முன் பத்து முறை மனசுக்குள் திருத்திப் பார்க்கிறோமே, அந்தக் காவல்காரர் கொஞ்ச நேரம் டீ குடிக்கப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். அதை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

போதை பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

முடியாது. கென் கீஸியின் விருந்துகளில் எல்எஸ்டி தாராளமாகப் புழங்கியது. கலிபோர்னியாவில் 1966 அக்டோபர்வரை அதற்குத் தடையும் இல்லை. வெனிட்டா புல்வெளியிலும் அது இருந்தது. ஆனால், 'அதனால்தான் அப்படி வாசித்தார்கள்' என்பது சோம்பேறித்தனமான விளக்கம். போதை எடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 11 அட்சரத்தைத் தூக்கத்திலும் வாசிக்கக்கூடியவர்கள் மேடையில் மட்டும்தான் இருந்தார்கள்.

அதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான 'பிக்பென்' ரான் மெக்கெர்னன், குடியால் உடல் கெட்டு, வெனிட்டாவுக்கு இரண்டு மாதம் முன்புதான் கடைசியாக மேடை ஏறியிருந்தார். 1973 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 27. கார்சியா பல ஆண்டுகள் போதைப் பழக்கத்தோடு போராடினார். 1995 ஆகஸ்ட் 9 அன்று மறுவாழ்வு மையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 53. டெட்டின் கதையும் அதோடு முடிந்தது.

கம்பெனி என்ன ஆனது?

சீட்டு வாங்காமல் உள்ளே வந்தவர்கள் ஏராளம் என்பதால் கூட்டத்தின் அளவுக்கு வசூல் இல்லை. ஆனாலும், தள்ளாடிய கம்பெனி எழுந்து நிற்கும் அளவுக்குப் பணம் தேறியது.

அன்றைய நிகழ்ச்சியை இளைஞர்கள் சிலர் படமும் எடுத்திருந்தார்கள். 'சன்ஷைன் டேட்ரீம்' என்று பெயர். பல ஆண்டுகள் அது அதிகாரப்பூர்வமாக வெளிவரவே இல்லை. தேய்ந்துபோன திருட்டுப் பிரதிகளாகக் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. ஒலிப்பதிவும் அப்படித்தான். டெட் தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்வதைத் தடுக்கவில்லை. 1984-ல் டேப் எடுப்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. விற்கக் கூடாது, பரிமாறிக்கொள்ளலாம் என்பது வழக்கம். ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி என்பதால்தான் இந்த டேப்களுக்கு மதிப்பே. ஆயிரக்கணக்கான டெட் கச்சேரிகளை இன்றைக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கேட்கலாம். 1977-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கச்சேரியின் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வெனிட்டா படமும் முழு ஒலிப்பதிவும் 41 ஆண்டுகள் கழித்து, 2013-ல் முறையாக வெளிவந்தன. படத்தில் ஒருவரைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மேடைக்குப் பின்னால் ஒரு கம்பத்தின் உச்சியில், ஒட்டுத்துணி இல்லாமல், தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். குழு எங்கே போகிறது என்று கொஞ்சமும் கவலைப்படாத ஒரே ஆள் அவர்தான்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல்முறை கிட்டாரை விட்டுவிட்டு அடியில் லெஷ் வாசிக்கும் பாஸை மட்டும் பின்தொடருங்கள். யார் யாரை எங்கே திருப்புகிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும். கத்தல் பகுதி வந்ததும் கை தானாக ஸ்கிப் பட்டனுக்குப் போகும். அடுத்தது 'எல் பாஸோ' என்று உங்களுக்குத் தெரியும். புல்வெளியில் உட்கார்ந்திருந்த 20,000 பேருக்குத் தெரியாது.

நான்சிஸ் யோகர்ட் இன்றும் ஓரிகனில் கீஸி குடும்பத்தின் நிறுவனத்திலிருந்துதான் வருகிறது.